அருவா: எந்த அருவா?

ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று சொன்னால் போதும், ஆபீஸில் யாராவது கேட்டுவிடுவார்கள்: "வீட்ல அருவா இருக்கா ப்ரோ?" இருக்கு. மூணு இருக்கு. கதிர் அறுக்க ஒன்று, விறகு வெட்ட ஒன்று, அடுப்படியில் அருவாமனை. இப்படிப் பதில் சொன்னால் கேட்டவருக்குச் சப்பென்று ஆகிவிடும்.

அரிவாள் என்பதைப் பிரித்தால் அரி, வாள். அரிவது வேறு, வெட்டுவது வேறு. கீரையை அரிகிறோம், வெங்காயத்தை அரிகிறோம். ஆளை யாரும் அரிந்ததாகச் சொல்வதில்லை. வயலில் அறுத்துப் போட்ட தாளுக்கும் அரி என்றே பேர். கருக்கருவாவுக்கு ரம்பம் மாதிரிப் பல் உண்டு. ஒரு பிடி தாளை இடது கையில் பற்றி, தன்னை நோக்கி இழுத்து அறுக்க வேண்டும். அருவாமனையில் இரும்பு அசையவே அசையாது, காய்தான் நகரும். இரண்டிலும் வீச்சு கிடையாது.

நம் சினிமா எடுத்துக்கொண்டதோ வீச்சை மட்டும்தான். அரியை விட்டுவிட்டு வாளை வைத்துக்கொண்டது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி, பட்டறைக்காரர்களின் ஊர். 2005இல் 'திருப்பாச்சி' வந்தபின் வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் கேட்டால் சண்டைதான் ஞாபகம் வருகிறது.

பழைய நினைவு இப்படி இல்லை. பெரியபுராணத்து அரிவாட்டாய நாயனார், செல்வம் போனபின் கூலிக்கு நெல் அறுக்கப் போனவர். இறைவனுக்குக் கொண்டுபோன படையல் சிந்தியதும் அவர் அரிவாளை வைத்தது தன் கழுத்தில்தான். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சின்னத்தில் கதிரோடு இருப்பதும் அறுக்கிறவரின் அரிவாள்தான்.

அதற்காக வெட்டுக்குத்து வெறும் சினிமாக் கற்பனை என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சாதிக் கொலைகள் நடக்கின்றன. பல நேரம் கதிரருவா பிடித்த கைகள்மேல்தான் வீச்சருவா விழுந்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் 'மண்வாசனை' ஆக்கும்போது, வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே 'அருவாக்காரப் பயல்கள்' ஆகிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

அறுப்பு மெஷின் வந்தபின் எங்கள் வீட்டுக் கருக்கருவா இறவாணத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அந்தச் சொல்லுக்குச் சாட்சி சொல்ல வேலை இல்லாதபோது, திரையில் பார்த்ததே அதன் பொருளாகிவிடுகிறது. இப்போது எழுதவரும் நம் சிறுகதைகளிலும் தென்மாவட்டம் என்றால் முதல் பத்தியிலேயே சுவரில் ஒரு அருவா தொங்குகிறது. தொங்கட்டும். எந்த அருவா, யார் அறுத்தது, கூலி எவ்வளவு என்று இன்னும் ஒரு வரி எழுதுங்கள்.