மூக்கு நீளாத லென்ஸ்

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் நிக்கான் இசட் 180-600 லென்ஸ் என் கைக்கு வந்தது. இப்போது மாசி முடியப்போகிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரி, பனமரத்துப்பட்டி ஏரியின் வறண்ட பக்கம், ராசிபுரத்தைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகள், நாமக்கல் தூசூர் ஏரி என்று விடிகாலை தோறும் அதைச் சுமந்து திரிந்துவிட்டேன். கூர்மை, நிறம், கை நடுக்கத்தை அது சமாளிக்கும் விதம் எல்லாவற்றையும் 2023-இல் லென்ஸ் வெளிவந்தபோதே பலரும் அலசிவிட்டார்கள். நல்ல லென்ஸ், அதில் சந்தேகமில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இதை எவ்வளவு ஜூம் செய்தாலும் இதன் மூக்கு நீளுவதில்லை.

கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள கடையில் நின்று பார்த்தால் இது ஒரு பொருட்டாகவே தெரியாது. சேலம், நாமக்கல் சமவெளியில் பறவை தேடி அலைகிறவருக்கு இதுதான் முதல் கணக்கு. காரணம், நம் ஊர்ப் புழுதி. செட்டிச்சாவடிப் பக்கம் போனால் வெள்ளைக்கல் தூள். நாமக்கல்லைச் சுற்றிக் கோழித் தீவன ஆலைகளின் மாவுத் தூசி. கடலை பிடுங்கிய காட்டிலும் குச்சிக்கிழங்கு எடுத்த காட்டிலும் காலை வைத்தாலே செம்மண் பொங்கும். வண்டிப்பாதையில் ஒரு ரிக் வண்டி கடந்து போனால், அடங்க ஐந்து நிமிடம் ஆகும்.

நீளுகிற லென்ஸ் இந்தப் புழுதியில் என்ன செய்யும் என்று புரிந்துகொள்ள சைக்கிள் பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். முன்குழாய் வெளியே வரும்போது உள்ளே இடம் கூடுகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போகிறது. காற்றோடு தூசியும் போகிறது. குழாய் உள்ளே திரும்பும்போது காற்று வெளியே வந்துவிடும், தூசியில் ஒரு பங்கு தங்கிவிடும். குழாயின் மேல் படிந்த மண்ணும் அப்படியே உள்ளே இழுபடும். ரப்பர் வளையங்கள் இதைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது.

முன்பு நான் வைத்திருந்த லென்ஸ் அப்படி நீளுகிற வகை. கம்பெனி பெயர் வேண்டாம். குறை அந்த அமைப்பில்தான். மூன்று கோடைக்குப் பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் மாவு தூவியது போல இருந்தது. நான்கைந்து துகள்கள் படத்தைக் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் படலமாகப் படிந்துவிட்டால், எதிர்வெயிலில் எடுக்கும் படம் வெளுத்துப்போகும். காலைச் சூரியனுக்கு எதிரே ஏரித்தண்ணீரில் நீந்தும் முக்குளிப்பானை எடுத்தபோதெல்லாம் கறுப்பு கறுப்பாகவே வரவில்லை. அதைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கேட்ட தொகைக்கு இன்னொரு லென்ஸுக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

அந்த அனுபவத்தோடுதான் புதிய லென்ஸைக் கடலைக்காட்டுக்குக் கொண்டுபோனேன். சாம்பல்தலை வானம்பாடி தரையிலேயே வாழும் சின்னக் குருவி. நின்றபடி எடுத்தால் மண்ணும் குருவியும் ஒரே நிறமாகக் கலந்துவிடும். குப்புறப் படுத்து, லென்ஸைத் தரையோடு தரையாக வைத்தால்தான் அதன் உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். பழைய லென்ஸோடு படுத்தபோதெல்லாம் ஜூம் வளையத்தைத் திருப்பவே கை தயங்கும். இதோடு அந்தப் பயம் இல்லை. கண்ணாடிகள் மூடிய குழாய்க்குள்ளேயே நகருகின்றன. வெளியே படிந்த மண்ணை பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். இதுவும் காற்றுப் புகாத டப்பா அல்ல. ஆனால் ஒவ்வொரு ஜூமுக்கும் மூச்சு இழுக்கும் பழக்கம் இதற்கு இல்லை. இத்தனை வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இன்னொன்றும் கிடைத்தது. மூக்கு நீளாததால் எடை முன்னால் சாய்வதில்லை. 180-லிருந்து 600 வரை போக வளையத்தை 70 டிகிரி திருப்பினால் போதும், மணிக்கட்டு ஒரே சுற்றில் முடித்துவிடும். கருந்தோள் பருந்து ஒரே இடத்தில் சிறகடித்து நின்றுவிட்டுச் சட்டென்று கீழே பாயும். 600-இல் வைத்துத் துரத்தினால் அது சட்டகத்தை விட்டுப் போய்விடும். 180-க்கு இறங்கித் தேடிப் பிடித்து, மறுபடி 600-க்கு ஏற வேண்டும். பழைய லென்ஸில் இரண்டு முறை கையை மாற்றிப் பிடித்துத் திருப்புவதற்குள் பருந்து எலியோடு போயிருக்கும். தூசூரில் அது பாய்ந்து எழுந்ததை முதல்முறையாக முழுசாக எடுத்தேன்.

இதற்கு விலையும் உண்டு. நீளாத லென்ஸ் சுருங்கவும் செய்யாது. எப்போதும் ஓரடிக்கு மேல் நீளம். முக்காலியில் பொருத்தும் காலோடு சேர்த்து இரண்டு கிலோவைத் தாண்டும். சாதாரண கேமரா பையில் அடங்காது. டூவீலரில் போகிறவர்கள் முதுகுப்பையைத் தேடி வாங்க வேண்டும். பணமும் லட்சத்துக்கு வெகு மேலே. நிக்கானின் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இது பொருந்தாது என்பதையும் வாங்கும் முன்னே நினைவில் வைக்க வேண்டும்.

எந்த லென்ஸாலும் தீராத ஒன்று நம் ஊர்க் கானல். காலை ஒன்பதரைக்கு மேல் வெட்டவெளியில் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஆள்காட்டியை 600-இல் எடுத்தால் தண்ணீருக்கடியில் எடுத்தது போலத்தான் வரும். லென்ஸைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். குறை சூடேறிய காற்றில் இருக்கிறது. பொழுது விடியும் முன் போய், மெல்ல நெருங்கி, வெயில் ஏறுமுன் திரும்புவதுதான் வழி.

சோனி கேமரா வைத்திருப்பவர்களுக்கு 2019-இல் வந்த 200-600 இதே குணத்தோடு இருக்கிறது, யோசிக்காமல் வாங்கலாம். கேனானின் ஆர்எஃப் 100-500, 200-800 இரண்டும் நீளுபவை. சிக்மா, டாம்ரான் 150-600 லென்ஸ்களும், டிஎஸ்எல்ஆருக்கான நிக்கான் 200-500-உம் அப்படித்தான். அவற்றின் கண்ணாடியில் குறையில்லை, செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் துணி உறை போடுங்கள், புழுதி பறக்கும்போது ஜூம் வளையத்தைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளும் முன் குழாயைத் துடையுங்கள், வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

புதிதாக, ஒரே ஒரு முறை பெரிய பணம் போட்டு வாங்கப் போகிறீர்கள், எடுக்கப் போவதும் நம் மானாவாரிக் காட்டிலும் ஏரிப் படுகையிலும்தான் என்றால், இன்னும் ஆறு மாதம் சேர்த்து வைத்தாவது மூக்கு நீளாத லென்ஸையே வாங்குங்கள்.