பொற்காலம்: யாருடைய நினைவு?

இலங்கை வானொலியை நான் கேட்டதில்லை. கேட்டவர்களைக் கேட்டு வளர்ந்தவன். வாழப்பாடிப் பாக்குக் களங்களில் பெரியவர்கள் இன்றும் கே.எஸ். ராஜா மாதிரி மூச்சுவிடாமல் பேசிக் காட்டுகிறார்கள். 'அதெல்லாம் ஒரு காலம் தம்பி' என்று முடிப்பார்கள்.

அந்தக் காலத்தை உண்டாக்கியதில் தில்லிக்கும் பங்குண்டு. 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். 'தரம்' என்ற பெயரிலான மேட்டிமை அரசியல் அது. சனங்க கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பிட்டாங்க. 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தக் காது முழுசாகத் திரும்பவில்லை. காரணம் பாட்டு மட்டுமல்ல. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று அங்கே குரலுக்கு ஒரு ஆள் இருந்தார். இங்கே அரசு அறிவித்தது; அங்கே மனிதர் பேசினார்.

ஆனால் எந்த அரசின் வானொலி அது? 1956இல் 'சிங்களம் மட்டும்' சட்டம் கொண்டுவந்த அரசினுடையது. பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் இடையே அந்த அறிவிப்பாளர்கள் சொல்ல முடியாமல் விட்டதை நாம் கேட்டோமா? 1983 ஜூலைக்குப் பிறகாவது?

ராஜா பின்னாளில் கொழும்பில் கொல்லப்பட்டார். நம் ஏக்கம் அவருடைய வேகத்தை நினைவில் வைத்திருக்கிறது, சாவை அல்ல. குரலைக் கொண்டாடினோம், அதே உச்சரிப்போடு அகதியாக வந்தவர்களை முகாமில் வைத்தோம். சேலம் மாவட்டத்திலும் முகாம்கள் இருக்கின்றன. பொற்காலம் பேசுகிற நாம் அங்கே போய்ப் பேசியிருக்கிறோமா?