சரித்திர நாவல்களும் நமது மாணவரும்

எமது பாடசாலை நூலகங்களிலே அட்டை கிழிந்து, மூலை மடிந்து, பல கைகள் பட்டு நைந்துபோன நூல்கள் எவையென நோக்கின் அவற்றுட் பெரும்பாலானவை சரித்திர நாவல்களாகவே இருக்கும். இதுகண்டு முகஞ்சுளிப்பது ஆசிரியர்க்கு அழகன்று. சென்ற காலத்தை அறியவேண்டும் என்னும் ஆவல் இளைஞரிடத்து இயல்பாகவே உள்ளது. அவ்வாவலுக்கு எத்தகைய உணவை நாம் இடுகின்றோம் என்பதே வினா. இந்நூற்றாண்டிலே தமிழில் வெளிவந்த வரலாற்று நாவல்கள் சிலவற்றை ஆசிரிய நண்பர்க்கும் மாணவர்க்கும் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் நல்லது இதுவெனச் சுட்டுமுன், நல்லதை அளக்கும் கோல் எதுவெனக் கூறுதல் கடனாகும்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த அந்நாவல், 2022இலும் 2023இலும் திரைப்படமாகவும் வந்து புதிய தலைமுறையொன்றைத் தன்பால் ஈர்த்துள்ளது. கதையின் நடுநாயகமாக அமைவது ஆதித்த கரிகாலன் கொலை. அக்கொலை பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று உடையார்குடிக் கல்வெட்டு. அச்சாசனம் என்ன கூறுகிறது? கொலைக்குற்றம் சார்த்தப்பட்ட உத்தியோகத்தரும் அவர்தம் சுற்றத்தாரும் உடைமைகளை இழந்தமையையும், அந்நிலம் பின்னர் விலைக்கு வாங்கப்பட்டு அறத்துக்கு விடப்பட்டமையையும் கூறுகிறது. சுருங்கக் கூறின் அது ஒரு நிலப்பத்திரம். காணி யாருடையது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதே அக்காலத்து அதிகாரிகள் கல்லில் வெட்டத்தக்கதெனக் கருதிய செய்தி. நாவலிலோ நிலம் மறைந்துவிடுகிறது. காதலும் பழிவாங்கலும் சுரங்கப் பாதையும் எஞ்சுகின்றன. நந்தினியின் விழிகளை அறிந்த அளவிற்கு அக்காலத்து உழவனின் வாரப்பங்கினை வாசகன் அறிந்து கொள்வதில்லை.

கல்கியின் கதைசொல்லும் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழ் உரைநடையைப் பல்லாயிரம் வீடுகளுக்கு எடுத்துச்சென்றவர் அவர். ஆனால் இலங்கையில் வாழும் நமக்கு இந்நாவல் பிறிதொரு சிக்கலையும் தோற்றுவிக்கின்றது. கதையில் வரும் அருள்மொழிவர்மன் ஈழத்திலே விகாரைகளைப் பேணுகிறான். பிக்குகள் நல்கும் முடியையும் மறுக்கிறான். சமய நல்லெண்ணத்தை வளர்க்கும் இக்கற்பனை போற்றற்குரியதே. ஆனால் வரலாறு அவ்வளவு இனிதாக இருக்கவில்லை. சோழர் படையெடுப்பின்பின் அநுராதபுரம் தலைநகர் என்னும் நிலையை இழந்தது. ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்ட காலத்திலே விகாரைகளின் செல்வம் சூறையாடப்பட்டமையைச் சூளவம்சம் முறையிடுகிறது. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு விடப்பட்டதை அக்கோயிற் கல்வெட்டே பெருமையுடன் பதிவுசெய்துள்ளது. அவ்வூர்களில் நெல் விளைவித்தவன் எம்மொழி பேசினான் என்பது ஒருபுறமிருக்க, விளைந்த நெல் கடல் கடந்தது என்பது உண்மை.

இதே மயக்கம் சிங்கள இலக்கியத்திலும் இல்லாமலில்லை. கோட்டை இராச்சியத்தில் 1521இல் நிகழ்ந்த அரண்மனைக் கலகத்தைப் பின்னணியாகக் கொண்ட டபிள்யூ. ஏ. சில்வாவின் ‘விஜயபா கொல்லய’ இன்றுவரை விரும்பிப் படிக்கப்படுவது. தமிழ் மாணவன் தன்னை இராசராசனின் வாரிசாகவும், சிங்கள மாணவன் தன்னைத் துட்டகைமுனுவின் வாரிசாகவும் எண்ணிக்கொண்டு வளர்வதன் விளைவை இந்நாடு தன் உடலில் அனுபவித்திருக்கிறது. 2009இல் முடிந்த போருக்கு நாவல்கள் காரணமல்ல; ஆயினும் தாம் உழைப்பாளரின் பிள்ளைகள் என்பதை இருசாராரும் மறந்து, மன்னரின் பிள்ளைகளெனக் கனவு காணப் பயிற்றியதில் இவ்வகைக் கதைகளுக்கும் பங்குண்டு. ஆதலின், எந்தச் சரித்திர நாவலை மாணவன் கையிற் கொடுப்பது என்பது வெறும் ரசனை பற்றிய பிரச்சினை அன்று.

மேனாட்டிலே 1814இல் வெளிவந்த ‘வேவர்லி’ என்னும் நாவலின் மூலம் சேர் வால்டர் ஸ்கொட் இவ்விலக்கிய வடிவத்தை நிலைநிறுத்தினார். ஸ்கொட் அரசியலிற் பழமைவாதி. எனினும் அவரது கதாநாயகன் மாவீரனல்லன். இரு சமூக சக்திகள் மோதும்போது இடையில் அகப்பட்ட சாதாரண மனிதன். மன்னரும் தலைவரும் கதையின் ஓரத்திலேதான் வந்துபோவர். இவ்வமைப்பின் சிறப்பை விளக்கியவர் ஹங்கேரிய மார்க்சிய அறிஞர் லூக்காச். வரலாற்று நாவலென்பது பழங்கால உடையணிந்த இக்கால மனிதரின் கதையன்று. அக்கால மனிதர் அவ்வாறு எண்ணவும் செயற்படவும் நேர்ந்தமைக்கான சமூகக் காரணங்களை நாம் உணரச்செய்வது என்பதே அவர் ஆய்வின் சாரம். தமிழிலே முதலாவது வரலாற்று நாவலென ஆராய்ச்சியாளர் குறிப்பிடும் ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்டவர் திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். இத்துறையிற் கருத்துரைக்க ஈழத்தவர்க்குப் பழைய உரிமையுண்டு.

எனவே நாம் மூன்று வினாக்களைக் கேட்போம். நாவலில் வருவோர் எவ்வாறு உண்டனர், உண்டதை விளைவித்தவர் யார்? அச்சமுதாயத்தை மாற்றிய சக்தி எது? மாற்றத்தின் விலையைச் செலுத்தியவர் யார்? இவ்வினாக்களுக்கு விடைதர முயன்ற மூன்று நாவல்களை இனி நோக்குவோம்.

முதலாவது, சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008). 2011ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசினைப் பெற்ற இந்நாவல், மாலிக்கபூரின் மதுரைப் படையெடுப்பிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளைத் தழுவுவது. ஆனால் அதன் உயிர்நிலை அரண்மனையில் இல்லை. தாதனூர் என்னும் கள்ளர் கிராமத்தில் இருக்கிறது. களவு அவர்களுக்குத் தொழில். காவலும் அவர்களுக்கே தொழில். நிலமானிய அமைப்பிலே இவ்விரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக இருந்தமையை ஆசிரியர் நுணுக்கமாகக் காட்டுகிறார். பின்னர் கும்பினி ஆட்சி வருகிறது. கலெக்டர் பிளக்பேர்ண் காலத்தில் மதுரைக் கோட்டை மதில்கள் இடிக்கப்படுகின்றன, அகழி தூர்க்கப்படுகிறது, நகரம் வெளியே பரவுகிறது. காவற்காரனின் இடத்திலே பொலிஸ்காரன் நிற்கிறான். பரம்பரையுரிமை ஒரே நாளிற் குற்றமாகிறது. 1871இல் வடநாட்டிற் பிறந்து, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் மூலவேர் எதுவென்பதை இந்நாவலைப் படித்தவன் நன்கு அறிவான். ஒரு மக்கட்கூட்டம் பிறவியிலேயே குற்றவாளியன்று, ஆட்சிமுறையின் மாற்றமே அதனைக் குற்றவாளியாக்கியது என்னும் உண்மையைச் சட்டநூல் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

குறையும் உண்டு. நாயக்க மன்னரின் வரிசை கூறும் பகுதிகள் நாட்குறிப்பின் வேகத்திலே ஓடுகின்றன. மாணவன் அங்கே களைப்படைவான். கன்னக்கோலின் திறமையை வருணிக்கும்போது ஆசிரியர் சிற்சில இடங்களில் அதன் அழகிலே தம்மை மறந்துவிடுகிறார். களவு கொடுத்த ஏழைக் குடியானவனின் மறுநாட் காலை எவ்வாறிருந்தது என்பதையும் நாம் அறியவேண்டுமல்லவா?

இரண்டாவது, பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012). கலிங்கல் என்னும் கரிசற்காட்டுக் கிராமத்திலே ஆண்டி என்னும் உழவனும் மாரி என்னும் சலவைத் தொழிலாளியும் கொண்ட நட்பிலிருந்து கதை விரிகின்றது. எட்டயபுரம் ஜமீனின் அதிகாரமும், 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் நிகழ்ந்த கலவரங்களும் அதனுள் அடங்குகின்றன. பனையேறி வாழ்ந்த ஒரு சமூகம் வணிகத்தாற் பொருள்வளம் பெற்றது. பொருள் பெற்றபின் தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமையையும் கோயிலுள் நுழையும் உரிமையையும் கோரியது. பொருளாதார மாற்றம் முன்னே செல்ல, சாதி அமைப்பு வாளேந்தி அதனை மறித்தது. இதைச் சூத்திரமாகக் கூறாமல், வெள்ளாவியும் விதைப்பும் மழையும் பஞ்சமும் கலந்த அன்றாட வாழ்வின் ஊடாகப் பூமணி காட்டுகிறார். கலவரத்தில் எவன் வென்றாலும் எரிந்தது ஏழையின் கூரை என்பதை ஒவ்வொரு பக்கமும் உணர்த்துகின்றது.

இந்நாவல் யாழ்ப்பாணத்து வாசகனுக்கு அந்நியமானதன்று. மாவிட்டபுரத்திலே 1968இற் கோயில் வாயிலின் முன் தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும், தடுத்தவர்களின் பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். நேரே பேசக் கூசும் ஒரு விடயத்தைக் கழுகுமலையை வைத்துப் பேசத் தொடங்கலாம். கரிசல் வட்டாரப் பேச்சு முதலில் இடறும். ஆசிரியர் சில பக்கங்களை உரக்கப் படித்துக் காட்டின் அத்தடை நீங்கும். நாவலின் பெரும்பரப்பிலே கிளைக்கதைகள் மிகுந்து மையம் மங்குவதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை.

மூன்றாவது, ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013). ஆசிரியரின் சமூக நோக்குடன் முற்போக்காளர் பலகாலமாக முரண்பட்டு வந்துள்ளனர். அம்முரண்பாடு நமக்கும் உண்டு. ஆனால் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் தம் சொந்த அரசியற் சார்பினை மீறி உண்மையைச் சித்திரித்தமையை 1888இல் ஏங்கெல்ஸ் பாராட்டியதை நாம் மறக்கலாகாது. எழுத்தாளனின் கொள்கைச் சீட்டைப் பார்த்து நூலைத் தள்ளுவது விமர்சனமாகாது.

இந்நாவலின் காலம் 1878. களம் சென்னைப் பட்டினம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும்பஞ்சத்திலே பல இலட்சம் மக்கள் மாண்டனர். அக்காலத்திலும் தானியம் துறைமுகங்கள் வழியே ஏற்றுமதியாயிற்று. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த சேர் றிச்சட் ரெம்பிள் விதித்தார். அதே நாட்களில் வெள்ளைத் துரைமாரின் பானத்தைக் குளிர்விக்க அமெரிக்காவிலிருந்து கப்பலிலே பனிக்கட்டி வந்திறங்கிக் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுசிற் சேமிக்கப்பட்டது. இந்த ஒரு முரண்பாட்டின்மீதே நாவல் எழுப்பப்பட்டுள்ளது. அங்கே பனிக்கட்டி சுமக்கும் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர், அது நசுக்கப்படுகிறது. ஏய்டன் என்னும் ஐரிஷ் அதிகாரி இவற்றைக் காண்கிறான்; செங்கல்பட்டுச் சாலையிலே பிணங்களையும் காண்கிறான். பஞ்சம் வானத்திலிருந்து இறங்கியதன்று. வாணிபமும் சாதியும் கைகோத்து விளைவித்தது என்பதை வாசகன் தெளிகிறான்.

இந்நாவலின் பெருங்குறை அதன் பார்வைக் கோணத்திலே உள்ளது. வேலைநிறுத்தம் செய்தவர்களை நாம் வெள்ளை அதிகாரியின் கண்வழியேதான் காண்கிறோம். அவனது மனச்சான்றின் வேதனை விரிவாகச் சொல்லப்படுகிறது. சுமைதூக்குவோன் அன்றிரவு தன் குடிசையில் என்ன பேசினான் என்பது சொல்லப்படவில்லை. போராடியவர்கள் இரக்கத்திற்குரியவர்களாக வருகின்றனர். வரலாற்றை இயக்கும் சக்தியாக முழுமையாக எழவில்லை. மாணவரிடம் இக்குறையை எடுத்துக் கூறி, அதே வேலைநிறுத்தத்தைத் தொழிலாளி ஒருவன் சொல்வதாகச் சில பக்கங்கள் எழுதும்படி கேட்கலாம். அது சிறந்த பயிற்சியாகும்.

‘வெள்ளை யானை’யை இலங்கை வாசகர் சிறப்பாகப் படிக்கவேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே பஞ்சத்தினின்றும் தப்பியோடிய மக்களே பெருந்தொகையினராய் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, கண்டிச்சீமையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியில் வீழ்ந்தோர் எண்ணற்றோர். சேர்ந்தோரைக் கங்காணியின் முற்பணமும் ‘துண்டு’ முறையும் கடனிற் பிணித்தன. துண்டு முறை 1921இலேதான் நீக்கப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது; உழைப்பு மாறவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியாரை நாடற்றவராக்கியது. ஐஸ் ஹவுசின் முன்னின்ற மக்களின் உறவினர் எங்கே சென்றனர் என்று கேட்டால், நுவரெலியாவையும் ஹற்றனையும் சுட்டலாம்.

இவ்வரலாற்றைத் தொட்ட படைப்புகள் இல்லாமலில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) முன்னோடியாக நிற்கின்றது. வால்பாறைத் தோட்டங்களின் கொடுமையை அங்கு மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டானியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதினார், இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். மேற்கூறிய மூன்றுடன் இவ்விரண்டையும் சேர்த்தே நாம் பரிந்துரைக்கின்றோம். ஆயினும் மன்னார் முதல் மாத்தளை வரையான அந்நெடும்பாதையைத் ‘அஞ்ஞாடி’யின் அகலத்தோடும் ஆழத்தோடும் எழுதும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. அதனை எழுதக்கூடியவர் இன்று ஏதோவொரு மலையகப் பாடசாலையிலே கற்றுக்கொண்டிருத்தல் கூடும்.

நடைமுறையில் ஒரு வார்த்தை. உயர்தர வகுப்பு மாணவர் ‘வெள்ளை யானை’யிலிருந்து தொடங்குவது நன்று, ஏனைய இரண்டும் ஆயிரம் பக்கமளவில் நீள்வன. ‘அஞ்ஞாடி’யை ஒரு தவணை முழுதும் பகுதி பகுதியாகப் படிக்கலாம். ‘காவல் கோட்ட’த்தைப் பல்கலைக்கழக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் விடலாம். நூல்களின் விலை ஒரு மாணவனின் சக்திக்கு அப்பாற்பட்டது. பலர் சேர்ந்து ஒரு பிரதி வாங்குவதும், வாசிகசாலைகள் வாங்குமாறு கேட்பதும் இயலாதன அல்ல. ‘பொன்னியின் செல்வ’னை விரும்பும் மாணவனிடமிருந்து அந்நூலைப் பறித்தல் வேண்டாம். உடையார்குடிக் கல்வெட்டில் உள்ள செய்தியை அவனுக்குக் கூறி, அந்நிலத்தை உழுதவன் யாரென்று கேட்போம். அவ்வினா அவன் உள்ளத்தில் விழுந்துவிடின், அடுத்த நூலை அவனே தேடி வருவான்.