பேர் வெட்டிய சொம்பு

அணுபுரத்தில் என் வீட்டில் ஓர் எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. ஆயாவின் பேர் அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். நடவுக்குப் போன இடத்தில் ஆயாவுக்குத் தண்ணியைக் கையில்தான் ஊற்றுவார்கள், பாத்திரம் தரமாட்டார்கள். கூலியில் சேர்த்து வாங்கிய முதல் பாத்திரம் இது. ‘பேர வெட்டிக் குடுய்யா’ என்று கடையிலேயே நின்று வெட்டி வாங்கி வந்தாளாம். அச்சோவியங்களில் வீட்டுப் பொருட்கள் குறித்து யோசிக்கும்போதெல்லாம் இந்தச் சொம்பு குறுக்கே வந்து நிற்கிறது.

ஆண்டி வார்ஹோல் 1962இல் 32 கான்வாஸ்களில் கேம்பல் சூப் டப்பாக்களை வரைந்தார். 1968இல் அதே டப்பாக்களைப் பத்து திரை அச்சுகளாக, 250 பிரதிகள் எடுத்தார். டப்பா நகல், ஓவியமும் நகல். கலையின் ஒற்றைத்தன்மை என்ற மேட்டிமை அங்கே உடைகிறது என்பது சரியான வாசிப்புதான். ஆனால் இந்த வாசிப்பு ஒன்றை முன்னூகமாகக் கொள்கிறது: ஒரே அச்சில் வந்த பொருள் எல்லார் கையிலும் ஒரே பொருள். நம்மூர் டீக்கடையில் இது செல்லுபடியாகுமா? ஒரே பட்டறையில் வந்த டம்ளர்கள்தான் இரட்டைக் குவளைகளாயின. வடிவம் ஒன்று; வைத்த இடம் வேறு. வடிவத்தை மட்டும் பார்க்கும் அழகியலுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இப்போது சில கடைகளில் காகிதக் கப் வந்து அந்த வேலையைச் செய்கிறது. சாதி, கழுவாமலே தூக்கியெறியக் கற்றுக்கொண்டது.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம். 1966இல் பணிக்கரும் மற்றவர்களும் உருவாக்கிய கிராமம். பாத்திக் முதலான கைவேலை செய்து பிழைத்துக்கொண்டே ஓவியம் வரைந்தார்கள். அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் சுயமான மொழியைத் தேடிய பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஜாதகக் கட்டத்திடம் போனது. டம்ளர் மாட்டிய ஆணியிடம் போகவில்லை.

எனக்கு நெருக்கமாகப் படுபவர் ஜரீனா ஹாஷ்மி. அலிகாரில் பிறந்து, பிரிவினையில் சிதறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1999இல் வெளியான அவரது ‘வீடு ஓர் அந்நிய இடம்’ 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்டது. ஒவ்வொன்றிலும் வீட்டை நினைவூட்டும் ஓர் உருதுச் சொல், சில கோடுகள். பொருள் அநேகமாக மறைந்து பேர் நிற்கிறது. வீட்டுப் பொருள் என்பது வெறும் உருவமல்ல, அது யாருடையது என்ற கேள்வி என்பதை அவர் அறிந்திருந்தார்.

போன மாசம் சொம்பின் பேர்மேல் மை தடவித் துடைத்து, ஈரத்தாளை விரலால் அழுத்தி எடுத்தேன். செப்புத்தகட்டு அச்சின் அதே நியதி: மேற்பரப்பு துடைபடும், வெட்டுப்பட்ட இடம் மட்டுமே மையை வைத்திருக்கும். ஆயாவின் பேர் இடவலம் மாறி, மங்கலாக விழுந்தது. இது கலையா என்பதல்ல என் கேள்வி. பாத்திரத்தை வரைகிற நம் ஓவியர்கள் எந்த இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தார்களா என்பதுதான்.