பிற்பாட்டு

மதுரையை எரித்த சினம் தணியாது ஈழத்துக்கு எழுந்தருளிய கண்ணகை அம்மன், ஊர் ஊராகத் தங்கிப் பத்தாவதாக அமர்ந்த தலமாதலின் அது பத்தாம்பளை எனப்பட்டு, பின்னர் வற்றாப்பளையென மருவிற்று என்பது நந்திக்கடற்கரை மக்களின் ஐதிகம். அவ்வன்னையின் சரிதத்தை வழிபாடாகவே பாடி ஆடுவது முல்லைத்தீவின் கோவலன் கூத்து. ஆதலால் அதைக் கேட்கச் செல்பவன், கதையின் முடிவை அறியும் ஆவலால் அன்று, அறிந்த துயரத்தை மீண்டும் செவியாரக் கேட்கும் பக்தியால் செல்கிறான்.

இத்தாலியில் மாந்துவா நகரத்து அரண்மனையில் 1607 ஆம் ஆண்டு மொந்தவெர்டி என்னும் இசையமைப்பாளரின் ‘ஓர்பெயோ’ அரங்கேறியது. கதை முழுதையும் பாட்டே சுமந்து செல்லும் அவ்வகை நாடகத்தை மேனாட்டார் ஒபரா என்பர். நம் கூத்தும் அவ்வினத்ததே: பாத்திரம் விருத்தத்தில் தன் வரவை அறிவிக்கும், தரு என்னும் பாட்டில் வாதிடும், காதலிக்கும், அழும். ஆயின் ஒபராவின் உச்சப் பாடல் பாடகன் ஒருவனின் தனிச் சொத்து. கூத்தின் பாட்டோ, பின்னே நிற்பவர் வாங்கிப் பாடினாலன்றி நிறைவு பெறாது.

கூத்தை நடத்தும் ஆசானான அண்ணாவியாரின் மத்தளம் முழங்க, தாளம் இசைய, கூத்தன் ஓரடியை எடுப்பான். பிற்பாட்டுக்காரர் அதை ஏற்று மீளப் பாடுவர். அவ்விடைவேளையில் அவன் மூச்சைச் சீர்செய்துகொண்டு ஆடுகளமாகிய களரியைச் சுற்றி ஆடுவான். ஒலிபெருக்கி அறியாத காலத்தில், திறந்தவெளியில் விடியுமட்டும் பாடிப் பழகிய அச்சாரீரத்தில் கச்சேரியின் நுண்கமகங்களைத் தேடுவது தகாது. கடைசி வரிசையில் பாயில் அமர்ந்திருக்கும் கிழவிக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாய்ச் சென்று சேர்வதே அதன் சௌந்தரியம். கணவனை இழந்த கண்ணகி தனித்து நின்று புலம்பும் அடியைப் பல குரல்கள் ஒருமித்து ஏற்கும் கணத்தில், ஒருத்தியின் சோகம் ஊராரின் சோகமாகிவிடுகிறது. பிற்பாட்டின் தாற்பரியம் அதுவே என்று நான் கருதுகிறேன்.

2009 இல் அந்த நந்திக்கடற்கரையே ஈழ யுத்தத்தின் இறுதிக்களமாயிற்று. பாடத் தெரிந்தவன் ஒருவன் எஞ்சினால் பாட்டு எஞ்சிவிடும். கூத்து எஞ்சாது, அவன் எடுத்த அடியை வாங்குவதற்குப் பின்னால் ஆள் வேண்டும். ஆகவே இக்கலையைப் பேண விழைவோர், பாடல்களைப் பதிவுசெய்து வைப்பதோடு அமையாது, வன்னிச் சிறுவர்களை முதலில் பிற்பாட்டு வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவார்களாக.