எதில் மாட்டியிருக்கிறாய்?

திருநெல்வேலிச் சீமையில், கங்கைகொண்டான் சிப்காட் தொழில் வளாகத்திலோ அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலையிலோ தகரக் கூரைமேல் ஆள் ஏறும்போது, கீழே நிற்கும் மேஸ்திரி இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்: “ஏல, பெல்ட்ட மாட்டிட்டியா?” மேலேயிருந்து, “மாட்டியாச்சு அண்ணாச்சி” என்று பதில் வருகிறது. இந்தக் கேள்வி வழக்கத்துக்கு வந்ததே பெரிய முன்னேற்றம்தான். ஆனால் உயிரைக் காப்பது இதற்கு அடுத்த கேள்வி. அதைக் கேட்பவர்கள் குறைவு: “எதுல மாட்டியிருக்க?”

பெல்ட் என்று நாம் சொல்வது இன்று தோள், மார்பு, தொடை மூன்றையும் வளைத்துக் கட்டும் ஹார்னெஸ். அதன் முதுகு வளையத்திலிருந்து லேன்யார்டு எனும் கயிறு நீள்கிறது. அந்தக் கயிற்றின் கொக்கி எதைப் பற்றுகிறதோ அதுதான் ஆங்கர். நிரந்தர ஆங்கர் இல்லாத கூரைகளுக்கு, வேலைக்கு வரும்போது கொண்டுவந்து பொருத்தி, முடிந்ததும் கழற்றிப் போகும் ஆங்கர்கள் உண்டு. இவற்றை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடும் நேரம் இது. வீட்டுக் கூரைகளில் சூரிய மின்சாரம் அமைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2024 பிப்ரவரியில் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு தொடங்கியது. ஆலைகளும் கிட்டங்கிகளும் தங்கள் கூரைகளில் பேனல் பரப்புகின்றன. அந்தப் பேனல்கள் கங்கைகொண்டானிலேயே தயாராகின்றன. பேனலைப் பொருத்தவும், பிறகு ஆண்டு முழுவதும் தூசி கழுவவும், ஒருவர் கூரையேறத்தான் வேண்டும்.

திருநெல்வேலியின் புகழ்பெற்ற உலோகக் கூரை நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் இருக்கிறது. மரச் சட்டங்கள்மேல் செப்புத் தகடு வேய்ந்த கூரை அது. தகடு மழையைத் தாங்குகிறது. பாரத்தைத் தாங்குவது மரம். இன்றைய கலர் ஷீட் கூரையிலும் இதே வேலைப் பிரிவினைதான். அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள ஷீட், அதற்குக் கீழே அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின், அதற்கும் கீழே பர்லினைத் தாங்கும் ராஃப்டர் அல்லது டிரஸ். ஷீட்டை மட்டும் பற்றிய ஆங்கர் மழைத்தோலைப் பற்றிய ஆங்கர். எலும்பைப் பற்றியதுதான் ஆளைப் பிடிக்கும். கழற்றி மாட்டும் முறையின் நன்மை தீமை இரண்டும் இங்கிருந்தே பிறக்கின்றன.

கழற்றி மாட்டும் ஆங்கர்களில் பல வகை உண்டு. ஷீட்டின் மேடுகள்மீது வைத்து, திருகாணி வழியாகப் பர்லினோடு இறுக்கும் தகடு ஒன்று. ஷீட்டுகள் மடித்து இணைந்து நிற்கும் மடிப்பைப் பிடிக்கும் கிளாம்ப் இன்னொன்று. டிரஸ்ஸையோ உத்தரத்தையோ சுற்றிப் போடும் பட்டைக் கயிறு மூன்றாவது. திருகாணியே இல்லாமல் தன் எடையால் உட்கார்ந்திருக்கும் பாரத் தொகுதி நான்காவது.

முதலில் இவற்றின் பலத்தைச் சொல்ல வேண்டும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இருக்கும் கொட்டகைகளும் ஆலைகளும் கல்யாண மண்டபங்களும் கட்டப்பட்டபோது கூரைமேல் ஆள் நடப்பதை யாரும் வரைபடத்தில் நினைக்கவில்லை. அவற்றையெல்லாம் இடித்துக் கட்ட முடியாது. இரண்டு நாள் வேலைக்கு வரும் நான்கு பேர் கொண்ட குழு, பையில் கொண்டுவரும் நான்கு ஆங்கர்களால் அந்தக் கூரையில் ஒரு பிடிமானத்தை உருவாக்கிக்கொள்ள முடிகிறது. செலவு குறைவு. ஒரே கருவி பல இடங்களில் உழைக்கிறது. வேலை நகரும்போது ஆங்கரும் நகர்வதால், ஆள் எப்போதும் அதற்கு நேர் கீழே சரிவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். தரமான கருவிகளின் அளவுகோலும் தெளிவாகவே இருக்கிறது. ஐரோப்பாவின் இ.என். 795 தரத்தின்படி உலோக ஆங்கர் ஒன்று 12 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 1,200 கிலோ எடைக்குச் சமம். விழும்போது கிழிந்து விரிந்து வேகத்தை உறிஞ்சும் பை லேன்யார்டில் இருந்தால் உடம்பு உணரும் விசை 6 கிலோநியூட்டனுக்குள் அடங்கும். அதாவது இரண்டு மடங்கு பலம். அமெரிக்க விதி ஒருவருக்கு 5,000 பவுண்டு தாங்கும் ஆங்கரைக் கேட்கிறது. இல்லையென்றால் தகுதியுள்ளவர் கணக்கிட்டு இரண்டு மடங்குப் பலத்தை உறுதிசெய்ய வேண்டும்.

ஆனால் இந்த எண்கள் சோதனைக்கூடத்தில் ஆங்கருக்குக் கிடைத்த சான்று. அது போய் உட்காரும் பர்லினுக்கு அந்தச் சான்று கிடையாது. முதல் குறை இதுதான். சிறு கொட்டகைகளில் டிரஸ் என்பது உள்ளூர் பட்டறையில் சதுரக் குழாயை வெல்டிங் செய்து கொடுத்தது. அந்த வெல்டிங்கை யாரும் சோதித்ததில்லை. புழுங்கல் அவிக்கும் ஆவியும், கூரைப் பள்ளங்களில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் உமிச் சாம்பலும் அந்த இரும்பை ஆண்டுக்கணக்கில் தின்றிருக்கும். மேலேயிருந்து பார்த்தால் ஷீட் பளபளவென்று இருக்கும். கீழே பர்லின் செதில் செதிலாக உதிரும். கருவியின் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து நம்பிக்கை கொள்பவர், பாதிக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறார்.

பாரத் தொகுதியின் சிக்கல் வேறு. அது உராய்வை நம்பி நிற்பது. 5 டிகிரிக்கு மேல் சரிவுள்ள பரப்பு அதற்கு ஆகாது என்பது அந்த வகைக்கான வரம்பு. தொழிற்கொட்டகைகளில் பத்துக்கு ஒன்று என்ற வாட்டம் பரவலானது, அது 5.7 டிகிரி. கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் கூரையே வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதன்மேல் சாரலும் விழுந்தால், ஆளோடு ஆங்கரும் சறுக்கும்.

இரண்டாவது குறை உயரக் கணக்கு. ஆங்கர் விளிம்பருகே கால் மட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேன்யார்டு 1.8 மீட்டர், உறிஞ்சும் பை விரிவது சுமார் 1.1 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், தரைக்கும் பாதத்துக்கும் இடையே விட வேண்டிய 1 மீட்டர். மொத்தம் 5.4 மீட்டர். கொட்டகையின் கூரை விளிம்பு 4.5 மீட்டரில் இருந்தால், எல்லாக் கருவியும் சரியாக வேலை செய்தும் ஆள் தரையில் மோதக்கூடும். தாழ்ந்த கூரைதானே என்று நினைக்கும் இடத்தில்தான் இந்தக் கணக்கு கழுத்தை அறுக்கிறது.

இதற்கு வழி, விழுந்தபின் பிடிப்பதைவிட விளிம்பை எட்டவே விடாதிருப்பது. வயலோரம் முளையடித்து மாட்டைக் கட்டுபவர், பயிரை எட்டாத அளவுக்கே கயிறு விடுவார். கூரைக் கயிறும் அப்படி அளந்து விடப்பட வேண்டும். ஆனால் மங்கிப்போன ஃபைபர் ஷீட்டும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் உள்ள கூரையில் இந்த வழியும் முழுமையில்லை. அங்கே கால் வைக்கும் ஒவ்வொரு இடமும் விளிம்புதான். தூசி படிந்த ஃபைபர் ஷீட்டைப் பக்கத்துத் தகரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். அங்கே பாரத்தைப் பரப்பும் நடைபலகையும், அடியில் வலையும் வேண்டும். ஆங்கர் அவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

மூன்றாவது, பக்கவாட்டு நகர்வு. முகட்டில் ஒரே இடத்தில் ஆங்கரை மாட்டிவிட்டு, பேனல் வரிசையோடு பத்தடி பதினைந்தடி தள்ளிப் போகிறார் தொழிலாளி. அங்கே விழுந்தால் அவர் நேராகத் தொங்க மாட்டார். ஊசல்போல வீசப்பட்டுச் சுவரிலோ தூணிலோ மோதுவார். வீசும்போது கயிறு தகரத்தின் வெட்டு விளிம்பில் உரசும். பாலியெஸ்டர் பட்டைக்கு அந்த விளிம்பு கத்தி. விளிம்பைத் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட கயிறோ, விளிம்புக்கு உறையோ இல்லாத இடத்தில் ஆங்கர் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை.

நான்காவதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆங்கரை முதலில் கொண்டுபோய்ப் பொருத்துகிறவர் எதில் மாட்டிக்கொண்டு போனார்? கடைசியாகக் கழற்றி வருகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்? கழற்றி மாட்டும் முறை ஒவ்வொரு நாளும் இருமுறை ஓர் ஆளைப் பிடிமானமில்லாமல் விடுகிறது. அந்த ஆள் பெரும்பாலும் குழுவிலேயே இளையவர். ஏணியிலிருந்தோ லிஃப்டிலிருந்தோ முதல் ஆங்கரைப் பொருத்த ஏற்பாடு இல்லாத இடத்தில், மற்ற எல்லாருடைய பாதுகாப்பும் அவருடைய அதிர்ஷ்டத்தின்மேல் நிற்கிறது.

வானிலையும் இந்தக் குறைகளைக் கூட்டுகிறது. கூரை ஒழுகுவது தெரிவது மழையில்தான்; ஆகவே ஆளைக் கூப்பிடுவதும் ஐப்பசி, கார்த்திகையில், தகரம் நனைந்திருக்கும்போது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், கையில் பத்தடி ஷீட்டைப் பிடித்து நிற்பவரை அது பாய்மரமாக்கிவிடும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 32ஆம் பிரிவிலேயே, விழக்கூடிய உயரத்தில் வேலை செய்பவருக்குத் தடுப்பு அமைத்தோ வேறு வழியிலோ பாதுகாப்புத் தர வேண்டும் என்றது. கட்டுமானத் தொழிலாளருக்கு 1996இல் தனிச் சட்டம் வந்தது. இவை இரண்டும் 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கியிருக்கின்றன. ஆனால் இரண்டு நாள் ஒப்பந்தத்தில் கூரையேறும் நான்கு பேர் ஆலையின் பதிவேட்டில் இருப்பதில்லை. அவர்களை அழைத்து வந்தவரிடம் கூரையின் வரைபடம் இருப்பதில்லை. எந்தப் பர்லின் தாங்கும் என்று அறிந்தவர் அங்கே இல்லை, அறியாதவர் முடிவெடுக்கிறார். எளிதில் எடுத்துச்செல்ல முடிவதே இந்தக் கருவியின் பெருமை. அதே காரணத்தால் ஒரு பொறியாளர் எடுக்க வேண்டிய முடிவு, தினக்கூலிக்காரர் தலையில் தினமும் புதிதாக இறங்குகிறது.

இதே சீமையில் கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் நிற்கும் காற்றாலைகளைப் பாருங்கள். புதிய காற்றாலைகளில் ஏணியோடு பிடிமானக் கம்பியும், மேலே கொக்கி மாட்ட வேண்டிய இடங்களும் கோபுரத்தோடு சேர்த்தே வடிவமைக்கப்படுகின்றன. ஏறுபவர் எதில் மாட்டுவது என்று தேட வேண்டியதில்லை. ஏறப்போவது உறுதி என்று தெரிந்த இடத்தில் ஆங்கர் கட்டடத்தோடு பிறக்கிறது. பேனல் வைத்த கூரையிலும் ஏறப்போவது உறுதிதானே?

ஆகவே என் தீர்ப்பு இது. கழற்றி மாட்டும் ஆங்கர், பழைய கூரைகளுக்கு நல்ல இடைக்கால ஏற்பாடு. அதைப் பயன்படுத்தும் முன் கட்டமைப்பு அறிந்த ஒருவர் கூரையை அடியிலிருந்து பார்த்து, எந்தப் பர்லினில் மாட்டலாம் என்று பெயின்ட் அடித்துக் குறிக்க வேண்டும். கயிற்றின் நீளம் ஏறுவதற்கு முன் தரையிலேயே கணக்கிடப்பட வேண்டும். மழையிலும் பலத்த காற்றிலும் வேலை நிற்க வேண்டும். அந்த நாளின் கூலி நிற்கக் கூடாது. விழுந்து ஹார்னெஸில் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கத் தொடங்கிவிடும். சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். 108 வண்டி வந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதற்குப் பிறகு. ஆகவே இறக்கும் ஏணியும் இறக்கத் தெரிந்தவரும் அங்கேயே இருக்க வேண்டும்.

புதிதாக எழும் கொட்டகைக்கும் புதிதாகப் பேனல் ஏறும் கூரைக்கும் இந்த ஏற்பாட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. பேனலுக்கான மதிப்பீட்டில் கம்பிக்கும் இன்வெர்ட்டருக்கும் வரி இருப்பதுபோல, நிரந்தர ஆங்கருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அப்போது “எதுல மாட்டியிருக்க?” என்ற கேள்வி, கூரைமேல் ஏறிவிட்ட இளைஞனிடம் போகாது. கட்டடத்தின் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் நாளில், “இதில் ஏறுகிறவர் எதில் மாட்டுவார்?” என்று முதலாளியிடம் கேட்கப்படும். பதில் சொல்லும் வசதியும் பொறுப்பும் அவரிடம்தான் இருக்கின்றன.