ஜவ்வரிசியும் மின்னணுத் தடமும்

கடையில் வாங்கும் உணவுப் பொட்டலங்கள் சிலவற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான சதுரக் குறியீடு ஒன்றைக் காண்கிறோம். கைப்பேசியை அதன்முன் காட்டினால், பொருள் விளைந்த ஊர், பொட்டலம் கட்டிய நாள் முதலியவை திரையில் தோன்றும். வயல் முதல் கடை வரை பொருள் வந்த வழியை மின்னணுப் பதிவாகத் தொடரும் இம்முறையைத் தடமறிதல் என்கிறோம். அமெரிக்காவில் வால்மார்ட் நிறுவனம் நடத்திய சோதனையில், ஒரு மாம்பழப் பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டறியப் பழைய முறையில் ஏறக்குறைய 7 நாள் பிடித்தது. மின்னணு முறையில் 2.2 நொடியே போதுமானதாயிற்று. வியக்கத்தக்க வேகந்தான். ஆனால் வேகத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கணிப்பொறி தொடர்வது பொருளையா, பொருளைப் பற்றி எழுதியதையா?

இரண்டும் பிரியாமல் செல்லும் இடங்கள் உண்டு. முட்டை நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் கடைக்கு வரும் முட்டையின் ஓட்டின்மீதே கோழி வளர்த்த முறை, நாடு, பண்ணை ஆகியவற்றைக் குறிக்கும் எண் அச்சிடப்படுகிறது. 2017இல் நெதர்லாந்துப் பண்ணைகளின் முட்டைகளில் ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி இருப்பது தெரிந்தபோது, அப்பண்ணைகளின் எண்களை அதிகாரிகள் வெளியிட்டனர். மக்கள் தம் வீட்டு முட்டைகளை எடுத்துப் பார்த்துத் தாமே ஒதுக்க முடிந்தது. ஓடு உடையும் வரை எண்ணும் முட்டையும் ஒன்றாகவே இருக்கும்.

இம்முறை நாமக்கல் முட்டைக்கும் பொருந்தும். அதே மாவட்டத்தில் புதுச்சத்திரம் பகுதியில் விளையும் குச்சிக்கிழங்குக்கு (மரவள்ளி) இது பொருந்துமா? ‘சேலம் ஜவ்வரிசி’ 2023இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டதால், இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. சேகோ ஆலையில் பல வயல்களின் கிழங்குகள் ஒன்றாக அரைபட்டு, பால் வடிகட்டப்பட்டு, ஒரே தொட்டியில் மாவாகப் படிகின்றன. அதன்பின் எந்த மாவு யாருடைய வயலுடையது என்று எவராலும் பிரிக்க இயலாது. பொட்டலத்தின் குறியீடு ஓர் உழவரின் வயலைக் காட்டுமானால், அது பொருளின் வரலாறன்று, விளம்பரமே.

அப்படியானால் இங்கே கணிப்பொறிக்கு வேலையே இல்லையா? உண்டு. அது வரவு செலவுக் கணக்கு. நல்ல கிழங்கில் 100 கிலோவுக்கு 25 முதல் 30 கிலோ வரை மாவுச்சத்து இருக்கும். ஈரத்துக்கும் சேதாரத்துக்கும் கணக்கு விட்டபின், உள்ளே வந்த மாவுச்சத்தைவிட வெளியே சென்ற ஜவ்வரிசி மிகுந்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். இல்லாத பொருள் பிறக்காது என்பது நிறை அழியாமை விதி அன்றோ? வெளியிலிருந்து விலை குறைந்த மக்காச்சோள மாவு சேர்ந்திருக்கலாம். அல்லது உள்ளே வந்த கிழங்கின் மாவுச்சத்து குறைத்து எழுதப்பட்டிருக்கலாம்.

இரண்டாவது காரணத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். ஆலைகள் மாவுச்சத்துப் ‘பாயிண்ட்’ பார்த்தே கிழங்குக்கு விலை கொடுக்கின்றன. கிழங்கைக் காற்றிலும் நீரிலும் எடையிட்டால் ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அடர்த்தி கிடைக்கும். அடர்த்தி மிகுந்த கிழங்கில் மாவுச்சத்தும் மிகுதி. 28 பாயிண்ட் கிழங்கை 26 என்று எழுதினால், உழவருக்கு 100 ரூபாயில் 7 ரூபாய் போய்விடும். இந்த முதல் எண் வாங்குபவரின் தராசிலேயே பிறக்கிறது. அது பிழையாயின், உலகின் மிகச் சிறந்த மின்னணுப் பதிவேடும் அந்தப் பிழையைத்தான் அழியாமல் காத்து வைக்கும்.

வேண்டுமென்றே பொய்யை ஏற்றுபவர்களும் உண்டு. நம் நாட்டில் இயற்கை வேளாண் விளைபொருள்களுக்கு அபீடா என்னும் ஏற்றுமதி ஆணையம் ‘டிரேஸ்நெட்’ என்னும் மின்னணு முறையை நடத்துகிறது. 2020இல் இந்தியப் பருத்தி 20,000 டன் பொய்யாக இயற்கைப் பருத்தி என்று சான்று பெற்றிருந்ததை ‘கோட்ஸ்’ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பு கண்டறிந்தது. போலிச் சான்றிதழ்களில் சதுரக் குறியீடும் இருந்தது. அதைக் காட்டினால் அபீடாவின் இணையதளத்தைப் போலவே அமைத்த போலித் தளம் திறந்தது! ஐரோப்பாவில் தடமறிதல் 2005 முதல் சட்டப்படி கட்டாயம். ஆயினும் மாட்டிறைச்சி என்று விற்றதில் குதிரை இறைச்சி கலந்திருந்தது 2013இல் வெளியாயிற்று. அதைக் காட்டிக் கொடுத்தது பதிவேடன்று. அயர்லாந்தில் நடந்த மரபணுச் சோதனை.

ஜவ்வரிசிக்கும் அத்தகைய சாட்சி அதனுள்ளேயே உண்டு. அயோடின் இங்கே உதவாது. கிழங்கு மாவும் மக்காச்சோள மாவும் அதனால் நீலமாகவே மாறும். ஆனால் கார்பனில் எடை 12, எடை 13 என இரு நிலையான ஐசோடோப்புகள் உள்ளன. காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது குச்சிக்கிழங்குச் செடி கனமான 13ஐ மிகுதியாக ஒதுக்கும். மக்காச்சோளம் அவ்வளவாக ஒதுக்காது. ஆகவே இரு மாவுகளிலும் இந்த விகிதம் ஆயிரத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் வேறுபடுகிறது. நிறை நிறமாலைமானி இதை எளிதில் அளந்துவிடும். தேனில் கரும்புச் சர்க்கரையைக் கண்டுபிடிப்பதும் இம்முறையால்தான். ஆனால் பக்கத்து மாநிலத்துக் கிழங்கு கலந்தால் இச்சோதனை பேசாது. அங்கே பதிவேடே துணை.

எனவே தடமறிதல் வேண்டாம் என்பது நம் வாதமன்று. ஆய்வகச் சோதனையும் வரவு செலவுக் கணக்கும் இல்லாத குறியீடு வெறும் கோலமே. முதல் எண்ணை அளக்கும் தராசு, வாங்குபவர் விற்பவர் இருவருக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று: உழவரின் ஊரை நுகர்வோருக்குக் காட்டும் திரை, நுகர்வோர் கொடுத்த விலையை உழவருக்கும் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடியைக் கண்காணிப்பு என்று சொல்லலாமே தவிர, வெளிப்படைத்தன்மை என்று சொல்ல முடியாது.